இரண்டு கிலோபைட்

மரிபோரில், திராவா ஆற்றைப் பார்த்த இரண்டாம் மாடி.
கீழே சைக்கிள் பழுது பார்க்கும் கடை.
மேலே நாங்கள் மூவர்,
இருநூற்று நாற்பது கைக்கணினிகள்.
உள்ளங்கையைவிடச் சற்றே அகலம்,
புளியங்கொட்டை அளவில் விசைகள்,
உள்ளே லினக்ஸ்.
அதற்குமேல் என்ன என்பதில்தான்
மூன்று வாரமாக
யாரும் யாருக்கும் காப்பி போடவில்லை.

தியாஷாவின் பட்டியலில் நூற்றுப் பதினேழு மென்பொருள்கள்.
சதுரங்கம், விண்மீன் வரைபடம், ஜெர்மன் அகராதி,
இசைக்க ஒன்று, அதைக் கேட்க மூன்று,
அலையே எட்டாத எங்கள் ஊருக்குக்
கடல் ஏறி இறங்கும் நேரக் கணக்கு.
யாருக்கு இது, என்றான் போகோமிர்.
யாருக்கோ, என்றாள்.
நெட் இல்லாத இடத்தில் பெட்டியைப் பிரிப்பவர்
வெறுங்கையால் முழம் போடவா?

அவனுக்கு எல்லாமே துடைத்திருக்க வேண்டும்.
கறுப்புத் திரை, இமைக்கும் ஒரு கோடு, போதும்.
சீர்வரிசை வண்டிபோல் ஏற்றி அனுப்பினால்
வாங்கியவர் முதல் ராத்திரி முழுக்க
அழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.
ஒவ்வொன்றும் ஒரு வாய்,
மாதம் பிறந்தால் புதுப்பி, புதுப்பி என்று அழும்.
இருப்பதோ நாலு கிகா.
கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு?

அவன் பக்கம்தான் நானும் இருந்தேன்,
எழுதுவதற்கான எடிட்டரையும் எடுத்துவிடு
என்று அவன் சொல்லும்வரை.
தியாஷா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.
எழுதக்கூட முடியாவிட்டால்
அது கணினி இல்லை, காகிதம் நகராமலிருக்க வைக்கும் கல்.
கீழே சைக்கிள் கடைக்காரர்
ஸ்பானரால் கூரையைத் தட்டினார்.
எடிட்டர் தங்கியது.

மற்றது எதுவும் தீரவில்லை.
பாதி நிறைத்து, பாதி வெறுமையாய் அனுப்பலாம் என்று
யார் சொன்னது என இப்போது மூவரும் மறுக்கிறோம்.
பதிவேற்றும் வேலை என்னுடையது.
நீல முனையில் நிறைந்தது, சிவப்பில் வெறுமை.
விடியற்காலை மூன்று மணிக்கு
எந்தப் பெட்டியில் எது என்று ஒட்ட வேண்டிய சீட்டுகள்
என் முழங்கை ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
இங்கே சொல்கிறேன்.

மார்ச்சில் கடிதங்கள்.
கிராட்ஸிலிருந்து ஒருவர்:
நூற்றுப் பதினாறை அழித்துவிட்டேன்,
கடல் கணக்கை மட்டும் வைத்திருக்கிறேன்.
கடல் எனக்கும் இல்லை.
கோப்பரில் இப்போது தண்ணீர் ஏறுகிறது என்று
டிராமில் தெரிந்துகொள்வது பிடித்திருக்கிறது.

போஹோர்யே மலையில் பனிச்சறுக்குக் குடில் நடத்தும்
யெரிட்சாவுக்குப் போனது சிவப்பு.
வரைபடம் கேட்டிருந்தாள், வரைபடம் இல்லை.
நான்கு நாள் மூடுபனி, கம்பம் சாய்ந்து நெட்டும் இல்லை.
கறுப்புத் திரையை வைதுவிட்டு
எடிட்டரைத் திறந்திருக்கிறாள்.
புள்ளி வைத்துப் பாதை,
சாய்கோடு வைத்துச் சரிவு,
நட்சத்திரக் குறி அவள் குடில்,
நரி நடமாடும் இடத்தில் கேள்விக்குறி.
அதைப் பார்த்துக்கொண்டே
கணுக்கால் பிசகிய ஒருவனைக்
கீழே கொண்டு சேர்த்துவிட்டாளாம்.
கோப்பையும் அனுப்பியிருந்தாள், பணத்தைத் திருப்பிக் கேட்டும்.

போகோமிர் படித்தான்: பார், வெறுமை போதும்.
தியாஷா படித்தாள்: பார், எடிட்டர் என்னுடையது.
நான் பணத்தை அனுப்பினேன்.

அடுத்த தொகுதி முந்நூறு.
மாலையில் போகோமிர், யாரையும் பார்க்காமல்,
அந்த வரைபடத்தையும் உள்ளே போட்டுவிடலாமே,
இரண்டு கிலோபைட்தானே, என்றான்.
அந்த மலையில் நடக்காதவனுக்கு
அது எதற்கு, என்றாள் தியாஷா.
கீழே ஸ்பானர் தட்டும் சத்தம்.
நான் எழுந்து
மூவருக்கும் காப்பி வைத்தேன்.