மூட்டை ஒன்றுக்கு

மூன்று மணிக்கு மூடுகிறது ஒப்பந்தப்புள்ளி.
இப்போது இரண்டு நாற்பது.
மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடையில்
டிஜிட்டல் கையெழுத்துக் குச்சியைச்
செருகிப் பிடுங்கி, ஊதிச் செருகி,
"உங்களத் தெரியலையாம்க்கா" என்கிறான் ரியாசுதீன்.
நாற்பத்தாறு வயதில்
எனக்கே சில நாள் தெரிவதில்லை.
மறுபடி செருகுடா.

பணியின் பெயர்: கெடிலம் வலது கரை,
வெள்ளத் தடுப்பு, அவசர இருப்பு.
பழைய சிமெண்ட் சாக்கில் மணல் நிரப்பி
வாய் தைத்து, கரை சேர்க்க, அடுக்க.
அளவு: தேவைப்படும்போது, தேவைப்படும் வரை.

குறுந்தொழில் என்பதால்
முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு.
அந்த ஒரு வரிக்குத் தொழில் மையத்துக்கு
ஏழு நடை நடந்தேன்.
மூக்குத்தி இந்த முறை
மூக்கிலேயே இருக்கிறது.

சாக்கு நாலு, மணல் ஆறு, கூலி ஏழு,
டிராக்டர் இரண்டு, சணல் முக்கால்.
ஊசி ஏறிய விரலுக்கு விலைப்பட்டியலில்
கட்டம் கிடையாது.
இருபத்து மூன்று என்று எழுதி, அழித்து,
இருபத்து இரண்டு ஐம்பது.
பெரிய கம்பெனிக்காரர் இருபத்து இரண்டு அறுபதாம்.
பத்துக் காசில் ஜெயித்தேன்.

ஜெயித்தது எதை என்று அக்டோபரில் புரிந்தது.
துடைத்த தட்டு மாதிரி வானம்.
மழை வந்தால்தான் மூட்டை,
மூட்டை போனால்தான் பில்.
கொட்டகையில் காலிச் சாக்குகள்
எலிக்கு வீடாகிக்கொண்டிருந்தன.
அந்தமானுக்குத் தெற்கே ஒரு சுழி என்றால்
போனைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன்.
சொல்லக் கூசுகிறது.
நாணமேட்டில் என் நாத்தனார் வீட்டுக்குள்
போன முறை இடுப்பளவுத் தண்ணீர்.
தெரிந்தும்,
இன்னும் கொஞ்சம் மேற்கே வா என்று
ஒரு காற்றழுத்தத் தாழ்வை
வாசலுக்கு வந்த வியாபாரம் போல அழைத்தேன்.

வந்தது.
ராத்திரி ஒன்று பத்துக்கு உதவிப் பொறியாளர்:
"நாலாயிரம்மா. விடியறதுக்குள்ள."
டிராக்டர் வெளிச்சத்தில் பதினோரு பெண்கள்,
ஆற்றுக்கு முதுகு காட்டித் தைத்தோம்.
திரும்பிப் பார்த்தால் கை நடுங்கும்.
தையலுக்கு மூன்று முடிச்சு,
அது மட்டும் குறையக் கூடாது என்று
பொற்கொடி கத்திக்கொண்டே இருந்தாள்.
கரை நின்றது.

நாத்தனார் போன் எடுக்கவில்லை.
ஏழு மணிக்கு எடுத்தாள்.
"அண்ணி, பீரோ மிதக்குது."
பெண்ணையாறு வேறு டெண்டர்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

தை மாதம் அளவுப் புத்தகத்தோடு வந்தார்கள்.
கரையில் எண்ணினால் இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு.
"மீதி?"
"ஆத்துல சார்."
"ஆத்துல இருக்கறத எப்படிம்மா எழுதறது?"
கெட்ட மனிதர் இல்லை.
அன்றிரவு மார்பளவுத் தண்ணீரில் நின்று
மூட்டை கைமாற்றியவர்தான்.
வெள்ளத்துக்கு அஞ்சாதவர்
தணிக்கைக்கு அஞ்சுகிறார்.

தேவனாம்பட்டினத்தில் யாரோ வலை இழுக்க
ஒரு சாக்கு வந்ததாம்.
படம் கை மாறி கை மாறி
என் போனுக்கு வந்தது.
கிழிந்த வாயோரம் மூன்று முடிச்சு.
அச்செடுத்து, தேதி போட்டு,
இணைப்பு எட்டு என்று எழுதிக் கொடுத்தேன்.
வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
கோப்பு நகர்கிறது என்கிறார்கள்.
ஆறு இதைவிட வேகமாக நகர்ந்தது.

இதோ இந்த வருடம்.
அதே கரை, அதே மூன்று மணி.
இருபத்து இரண்டு எழுபது.
"அந்த இருபது காசு எதுக்குக்கா?
கீழ போட்டுட்டு அடிச்சிருவாங்க."
ஆறு எடுத்துக்கொண்டு போவதற்கு என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
குச்சியைச் செருகினான்.

முதல் தடவையே
என்னை அடையாளம் கண்டுகொண்டது கணினி.
வெளியே நல்ல வெயில்.
நான் அண்ணாந்து பார்க்கவில்லை.