இன்றைய மதிய உணவை வழங்குவோர்

சாப்பாட்டு மண்டப வாசலில் ஒரு கரும்பலகை.
தினமும் அதில் ஒரு பெயர் மாறும்.
ரொறன்ரோவில் இறந்த ஒருவரின் ஆறாம் ஆண்டு,
லூட்டனில் ஒரு குழந்தையின் முதலாம் பிறந்தநாள்,
கொக்குவிலில் யாரோ பரீட்சையில் தேறிய சந்தோசம்.
முப்பத்தெட்டுப் பெடியன்கள் கண்ணை மூடி
அந்தப் பெயருக்காக வேண்டிய பிறகுதான்
சோற்றில் கை வைக்கலாம்.

மதுசிகன் நாட்களை அப்படித்தான் எண்ணுகிறான்.
"போன மாசம் பதினொரு திவசம், மிஸ்.
திவசம் எண்டால் பாயாசம்.
பிறந்தநாள் எண்டால் கேக், அது சின்னத் துண்டு."
தன் தகப்பனின் திதி அவனுக்குத் தெரியாது.
கோப்பில் இருக்கிறது.
நானும் சொன்னதில்லை.

தகப்பன்: விபத்து, நாவற்குழிப் பாலத்தடி, இரவு.
தாய்: குவைத். மூன்று வருடமாகத் தொடர்பில்லை.
இல்லத்தில் சேர்த்த காரணம்: வறுமை.
ஒரு சொல். தட்டச்சு செய்தவள் நான்.
அன்று மின்சாரம் போகுமுன்
ஏழு கோப்பு முடிக்க வேண்டியிருந்தது.

இல்லத்தில் அடிக்கிறவர்கள் இல்லை, அதையும் சொல்லவேண்டும்.
மேற்பார்வையாளர் நல்ல மனுசன்.
காய்ச்சல் என்றால் இரவிரவாக விழித்திருப்பார்.
ஆனால் முப்பத்தெட்டு நெற்றி,
அவருக்கு இரண்டு கை.

பெடியன்களுக்கு ஒரு இல்லம், பெட்டையளுக்கு இன்னொன்று.
அதனால் தங்கச்சி பதினான்கு கிலோமீற்றர் தள்ளி.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
எங்கள் அலுவலக விறாந்தையில் சந்திப்பு, நாற்பது நிமிடம்.
முதல் இருபது நிமிடமும் அவள்
என் சேலைத் தலைப்புக்குப் பின்னால் நிற்பாள்.
அவன் களிசான் பையிலிருந்து ஒரு லட்டு எடுப்பான்,
முன்பின் தெரியாத இருவரின் அறுபதாம் கலியாணத்து லட்டு,
எறும்பை ஊதி ஊதி நீட்டுவான்.
"அண்ணா எண்டு சொல்லடி."
சொல்ல மாட்டாள். லட்டை வாங்குவாள்.

மாமி புனிதமலர்
இடியப்பம் அவித்து மூன்று கடைக்குக் கொடுப்பவள்.
"என்ர தமையன்ர பிள்ளையள், தாங்கோ" என்று
இரண்டு வருடமாக எங்கள் படியேறினாள்.
வருமானம் கேட்டோம்.
கிராம அலுவலரின் கடிதம் கேட்டோம்.
பூசாத சுவரைப் படம் பிடித்தோம்.
கழிப்பறைக்குக் கதவில்லை என்று எழுதினோம்.
கதவு போட்டாள்.
கதவுக்குப் பட்ட கடன் இருக்கிறது என்று எழுதினோம்.

ஓர் இரவு, மின்கட்டணச் சீட்டின் பின்பக்கம்
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
இரண்டு பிள்ளைக்கும் இல்லத்தில் ஆகிற செலவில்
பாதியை அவளிடம் கொடுத்திருந்தால்
கதவு, சுவர், பள்ளிக்கூடச் சப்பாத்து எல்லாம் போக
மிச்சத்தில் ஒரு சைக்கிள்.
கட்டடம் என்றால் பெயர்க்கல் பதிக்கலாம்.
மாமியில் எங்கே பதிப்பது?

நீதவான் நிமிராமல் கையெழுத்திட்டார்.
கட்டளையில் புனிதமலருக்கு "தகுந்த ஆள்" என்று பெயர்.
வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டாள்:
"அப்ப இவ்வளவு நாளும் நான் ஆர், மிஸ்?"

முதல் ஞாயிறு பார்க்கப் போனேன்.
புதுக் கோப்பையின் அடியில் மதுசிகன்
ஆணியால் 27 என்று கீறி வைத்திருந்தான்.
தங்கச்சி தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டாள்,
மாமியிடம் ஒருக்கா, பூனையிடம் ஒருக்கா.
சோறு, கத்தரிக்காய்க் குழம்பு,
பிள்ளைகள் வந்ததுக்கென்று ஒரு சட்டி பாயாசம்.

பாயாசத்தைக் கண்டதும் அவன் எழும்பினான்.
கைகூப்பி, கண்ணை மூடி,
"மாமி, இண்டைக்கு ஆர்ர திவசம்?"

அகப்பை அந்தரத்தில் நின்றது.

"ஒருத்தரும் சாகேல்லையடா.
இருந்து சாப்பிடு."

ஒரு கண்ணை மட்டும் திறந்து
அது சரிதானா என்று என்னைப் பார்த்தான்.

படிவத்தில் "அவதானிப்பு" என்ற இடத்தில்
நெடுநேரம் பேனையை வைத்திருந்தேன்.
பாயாசத்தில் சீனி கொஞ்சம் கூட,
என்று எழுதினேன்.