ஏர் வால்வு

பண்ருட்டி தாண்டி முந்திரிக்காட்டு ஓரம்,
வீராணத்திலிருந்து பட்டணம் போகும் குழாய்
மண்ணுக்கு மேலே தலைநீட்டி மூச்சுவிடும் இடம்.
மூச்சோடு கொஞ்சம் தண்ணீரும் வரும்.
அடைக்கச் சொல்லி
விடியுமுன்பே போன் வந்துவிட்டது எனக்கு.

பதினோரு குடம்.
நீலம், பச்சை, வாய் உடைந்த ஆரஞ்சு ஒன்று.
தையநாயகி மட்டும்தான் பேசினாள்:
"எங்க போர் அறுநூறு அடி. காத்துதான் வருது.
உங்க காத்துக்குழாயில தண்ணி வருது.
இதுல எதய்யா ரிப்பேரு?"

மேலதிகாரியிடம் கேட்டால்
அழுத்தமானி முள்ளைக் காட்டுவார்.

ஸ்பேனரைக் கீழே போட்டேன் என்று சொல்ல ஆசை.
போடவில்லை.
கடைசிக் குடம் நிரம்பும்வரை
பீடி தேடுகிறவன்போலப் பையைத் துழாவினேன்,
பீடிப் பழக்கம் கிடையாது எனக்கு.
பிறகு நட்டை முறுக்கினேன்.

ஈரமண்ணை அவளுடைய ஆடு
இன்னும் நக்கிக்கொண்டிருந்தது.

படிவத்தில் ஒரு கட்டம்:
விரயமான நீர், லிட்டரில்.
குடத்துக்குப் பதினைந்து என்று பெருக்கிவிட்டு
ஆட்டுக்கு எவ்வளவு போடுவதென்று தெரியாமல்
பேனாவை மூடினேன்.

வீட்டுக்கு வந்தால்
இன்றைக்கும் கேன்காரன் வரவில்லையாம்.