கட்ட வேறுபாடு

இளங்கலை இயற்பியல், இரண்டாமாண்டு.
சேர்ந்தவர் இருபத்தெட்டு, இருப்பவர் பதினொன்று.
பல்கலைக்கழகப் படிவத்தில் ஒரு கட்டம்:
இடைநிற்றலுக்கான காரணம்.
'ஆர்வமின்மை'ன்னு போட்டு அனுப்பிடுங்க,
பதினேழுக்கும் அதே,
என்கிறார் துறைத்தலைவர்.

நான் கௌரவ விரிவுரையாளர்.
கௌரவம் மாதாமாதம் வருகிறது.
தொகுப்பூதியம் ஏப்ரலோடு நின்றுவிட்டது.
என்னையும் எந்தக் கட்டத்திலாவது எழுதுவார்கள்.

ஞாயிறன்று ஸ்கூட்டியில்
பள்ளிப்பட்டு தாண்டிப் போனேன்.
நகரி மூக்கு கண்ணில் பட்ட இடத்தில்
கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறின.
பேச்சு மட்டும் இரண்டிலும் ஒரு கால் வைத்தபடி.

ஹேமாத்ரி விசைத்தறிக் கூடத்தில் இருந்தான்.
எட்டுத் தறி, ஒரே ஆள்.
உதட்டைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.
"மேடம், மூணாவது தறி
அஞ்சாவதுக்கு அரை அடி பிந்துது, கேக்குதா?"
எனக்குக் கேட்கவில்லை.
கட்ட வேறுபாடு என்று
மூன்று வாரம் கரும்பலகையில் எழுதியவள் நான்.

"லேப் முடியறது நாலரை.
நம்ம பஸ் நாலு பத்து. அடுத்தது ஏழு.
ஆறு மணிக்கு ஷிப்ட்டு.
அந்த சோடியம் லேம்ப்பு
எரிய ஆரம்பிச்சா ரோஸ் கலர்லதான் இருக்கும் இல்லையா?
மஞ்சளாகறதுக்குள்ள நான் கெளம்பிடுவேன்.
ஒரு தடவகூட மஞ்சளப் பாக்கல மேடம்."
இதைச் சொல்லிவிட்டு
அறுந்த இழையை முடிச்சிடப் போய்விட்டான்.

யுகந்தர் தடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில்.
அவர்கள் பேருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது.
பவானி பி.காம்.முக்கு மாறிவிட்டாள்,
அங்கே லேப் கிடையாது, இரண்டு மணிக்கே வீடு.
மோகனாம்பா பன்னிரண்டு வரை தெலுங்கில் படித்தவள்.
உந்தம் என்றால் முழிப்பாள்.
திரவ்யவேகம் என்று ஒருமுறை சொல்லியிருந்தால்
தலையாட்டியிருப்பாள்.
அந்தச் சொல் எனக்குக் கிடைத்தது
அவள் தம்பியின் பழைய புத்தகத்தில்,
அவளுக்குக் கல்யாணமாகி நாற்பது நாள் கழித்து.

திங்களன்று படிவத்தை நிரப்பினேன்.
ஹேமாத்ரி: நாலு பத்து.
மோகனாம்பா: ஒரு சொல்.
யுகந்தர்: வாசலுக்கு வரும் பேருந்து.
கட்டத்துக்குள்ள அடங்கலையே என்றார் துறைத்தலைவர்.
வெள்ளை மை தடவி அவரே திருத்திக்கொண்டார்.
கையெழுத்து மட்டும் என்னுடையது.

பணிமனைக்கு எழுதிய மனுவுக்குப் பதில் இல்லை.
தமிழ்த்துறை சாமுண்டீஸ்வரி மேடம்
செவ்வாய்க் காலையை எனக்கு விட்டுக்கொடுத்தார்.
பதிலுக்கு என் வெள்ளி மதியம்,
அந்தத் தூங்குமூஞ்சி மதியம், அவருக்கு.
நட்டம் அவருக்குத்தான்.

ஹேமாத்ரிக்கு நேரத்தை அனுப்பினேன்.
இரண்டு நீல டிக். வேறொன்றுமில்லை.

செவ்வாய், பத்து ஐந்து.
ஸ்பெக்ட்ரோமீட்டர் இரண்டு, பட்டகம் ஒன்று,
சுற்றிப் பதினொரு பேர்.
விளக்கைப் போட்டேன்.
இன்னும் ரோஸ் நிறத்தில்தான் இருக்கிறது.
யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.