இரட்டைப் பாலம்

தொப்பூர் கணவாய்ச் சரிவில் எங்கள் ஆம்புலன்ஸ்.
முன்சீட்டில் முனிரத்தினம். பதிவேட்டில் அவர் பைலட்.
பின்னால் நான், ஆக்சிஜன் உருளைக்குப் பக்கத்தில்,
பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய
அட்டையில்லாத கிரேக்கக் கதையோடு.
அழைப்பு வராத நேரத்தில் பத்துப் பக்கம்.

அதில் ஒருவன் தேரேறும்போது
குதிரை வாய்திறந்து சொல்கிறது: நீ சாகப்போகிறாய்.
தெரியும் என்கிறான். ஏறுகிறான்.
"குதிரையா பேசுச்சு?" என்றார் முனிரத்தினம்.
"நம்ம கதையில வண்டி ஓட்டுறவன்தான் பேசுவான்.
வில்லு வச்சிருக்கவன் கேட்டுக்கணும்."
சொல்லிவிட்டு
ஹேண்ட்பிரேக்கை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

அங்கே கேள்வி, நீண்ட ஆயுளா நீண்ட பேரா.
இங்கே, பலனைக் கேட்காதே.
கேட்காதவர்களுக்குப் பதினெட்டு நாளில்
ஒரு நாடு கிடைக்கிறது,
ஊர் ஊராக விதவைகளோடு.
இரண்டையும் நான் முழுசாக நம்பியதில்லை.
எங்களுக்கு அது டூட்டி. காலை எட்டு மணிக்கு மாறும்.

ஒன்று நாற்பதுக்கு அழைப்பு.
மதனப்பள்ளியிலிருந்து மதுரைக்குப் போன லாரி,
டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கியிருக்கிறது.
இரட்டைப் பாலத்தில் சாலை முழுக்கத் தக்காளி.
டார்ச் அடித்து, விரலால் தொட்டு,
எது எதுவென்று பிரிக்க வேண்டியிருந்தது.

பைக்கில் வந்த பையன் லோகேஸ்வரன்.
கையைப் பிடித்து நாடி தேடினேன்.
நகக்கண்ணில் ஈரச் செம்மண்.
ஊரில் பாரதம் நடக்கிறதாம், நாளைக்குப் படுகளம்.
தொடை முறிந்து விழப்போகிறவனை
அறுபதடி நீளத்துக்கு மண்ணில் படுக்கவைத்து,
மார்பு மட்டும் பாக்கி, பசிக்கிறது என்று
எல்லோருக்கும் புரோட்டா வாங்க வந்தவனாம்.

தருமபுரிப் பிணவறை வாசலில் விடிந்தது.
அப்பா பச்சியப்பன், செருப்பில்லாத காலோடு.
எதிரே லாரி டிரைவர் ஓபுலேசு,
நெற்றியில் நான் போட்ட கட்டோடு.
ஏட்டு பேனா தேடிக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கத்தை நான் படித்திருந்தேன்.
கிழ அரசன் இரவில் தனியாக
மகனைக் கொன்றவன் கூடாரத்துக்குள் போய்
கொன்ற கையையே முத்தமிட்டு
உடலைக் கேட்கிற பக்கம்.
பச்சியப்பன் எழுந்தபோது
அதுதான் நடக்குமென்று நினைத்துவிட்டேன்.
இப்போதும் வெட்கமாயிருக்கிறது.

அறைந்தார்.
கட்டு நழுவியது.
ஓபுலேசு கன்னத்தைத் தொடக்கூட இல்லை.
பிரேக்கை மிதித்தேன் என்றான் தெலுங்கில்.
மிதித்தேன், மிதித்தேன், மிதித்தேன்.
பச்சியப்பன் வீட்டிலும் தெலுங்குதான்.
வேறு மொழியாயிருந்திருந்தால்
புரியவில்லை என்று திரும்பியிருப்பார்.
"பிள்ளைங்க எத்தனை?" என்று அதே மொழியில் கேட்டார்.
அவன் இரண்டு விரலைக் காட்டினான்,
உடனே மடக்கி மறைத்துக்கொண்டான்.

எட்டு மணிக்கு வண்டி கைமாறியது.
நாங்கள் இருவரும் போகவில்லை.
ஏன் என்று முனிரத்தினமும் கேட்கவில்லை, நானும்.
நழுவிய கட்டை மறுபடி கட்டினேன்,
வேலை நேரத்தில் சேராத கட்டு.

மதியம் உடல் வந்தது.
படுகளத்தை நிறுத்திடலாமா என்றார்கள் ஊர்க்காரர்கள்.
பச்சியப்பன் துணிக்கு வெளியே கிடந்த கையைப் பார்த்தார்.
நகத்தில் மண் காய்ந்து வெளுத்திருந்தது.
"மார்பு பாக்கின்னு சொன்னானே.
யாராவது முடிச்சிடுங்க."

அன்றிரவு விட்ட இடத்திலிருந்து படித்தேன்.
அரசன் உடலோடு திரும்புகிறான்.
அழுது முடிக்கப் பதினோரு நாள் போர் நிற்கிறது.
பன்னிரண்டாம் நாள், வேண்டுமென்றால் சண்டை.
"பதினோரு நாளா?" என்றார் முனிரத்தினம்.

மலைக்கு அந்தப் பக்கம் மத்தளச் சத்தம்.
மண்மீது பெண்கள் மாரடித்து அழுகிறார்கள்.
இந்த வருஷம் யாருக்காக என்று
இங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எட்டு ஐம்பதுக்கு அழைப்பு.
அவர் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார்.