ஏழு காடி

பிக்கப்பின் முன்சீட்டில் பெல்ட் மாட்டி உட்காரவைத்து
ஹமூத் அந்த மார்ட்டினியைக் கொண்டுவந்தார்.
இப்ரியில் வெயில் நாற்பத்தாறு.
"பெருநாளுக்கு ஒன்பது நாள். நாலு குண்டு நேராகப் போகிறது.
பத்தாவது, மலையைத் தவிர எதையும் தொடுவதில்லை."

பட்டறையில் என் பெயர் ராஜு.
பாஸ்போர்ட்டில் இருதயராஜ்.
ரெசிடென்ட் கார்டின் அரபியில்
கடைசி ஜீம் விழுந்துபோய், இருதயரா.

விளக்கைப் பின்னால் பிடித்து வாய்வழியே பார்த்தேன்.
எவ்வளவு ஈயம் என்பது அப்புறம்.
எங்கே உட்கார்ந்திருக்கிறது?
வாய்ப்பக்கம் என்றால் மெழுகு பாதியில் தீர்ந்திருக்கும்.
காடியின் ஓரங்களில் என்றால்
வேகம் தாங்காமல் குண்டு சறுக்கியிருக்கும்.
இது தொண்டையிலேயே.
அறையைத் தாண்டியதும் நாலு விரல் நீளம்,
அடுப்பில் வழிந்து காய்ந்த பால் மாதிரி.

"ஈயம் மெத்தென்று இருந்தது, கெட்டியாக்கினேன்.
மறுபடியும் ஒட்டியது. இன்னும் கெட்டியாக்கினேன்."
டயர் கடை சிஹாபிடம் சக்கர எடைகள்.
பிறகு மஸ்கட்டில் மூடிய ஓர் அச்சகத்தின்
உலோக எழுத்துகள், ஒரு பெயின்ட் டின் நிறைய.
குண்டை நகத்தால் கீறினேன்.
நகம்தான் தேய்ந்தது.

அளவைச் சந்தேகப்பட்டேன்.
"போன மாதமே பிலால் அளந்தாயிற்று.
பதினொன்று புள்ளி ஆறு. அச்சும் அதே.
உனக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்"
முதலாளி வாடிக்கையாளர் முன்னால் சொன்னார்,
காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றினாற்போல.

சுத்தக் காரீய உருண்டை ஒன்றை எண்ணெயில் முக்கி
மரக்கோலால் தட்டித் தட்டிக் குழல் முழுக்க நடத்தினேன்.
காடிகளைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு
அந்தப் பக்கம் விழுந்தது.
எண்ணினேன். ஏழு.
திருப்பிப் பிடித்து எண்ணினேன். ஏழு.

ஒற்றைப்படை.
ஒரு மேட்டுக்கு நேர் எதிரே மேடு இல்லை, பள்ளம்.
மைக்ரோமீட்டரின் இரண்டு தாடைக்கும்
ஒரே நேரத்தில் உச்சி கிடைக்காது.
பிலால் பொய் சொல்லவில்லை.
கருவியும் சொல்லவில்லை.

மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுற்றி அளந்து
தகட்டின் கனத்தை இரண்டு முறை கழித்தேன்.
பதினொன்று புள்ளி எட்டு.

கால் மில்லிகூட இல்லாத சந்து.
அதில் நெருப்பு குண்டை முந்துகிறது,
போகிற போக்கில் விலாவை உருக்குகிறது,
உருகியதைச் சுவரில் பற்றவைக்கிறது. சால்டரிங்தான்.
என் பெயரிலும் அவ்வளவுதான் சந்து,
வருடத்துக்கு ஒருமுறை
பத்து ரியால் அதன் வழியே போகிறது.

அச்சை லேத்தில் குடைந்தேன்,
எட்டுக்கு மேல் ஒரு மயிரிழை.
காரீயம் இருபது பங்கு, வெள்ளீயம் ஒன்று.
"மறுபடி மெத்தென்றா?" ஹமூத் முகம் சுளித்தார்.
ஆமாம். உதை வாங்கியதும் கொஞ்சம் பருத்து
இடத்தை அடைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.
தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் பூசினேன்.

பழசைச் சுரண்ட ஒரு பகல்.
பாத்திரம் தேய்க்கும் தாமிர நாரைப் பிரஷில் சுற்றினேன்
(காந்தத்தில் ஒட்டாத நார். ஒட்டினால் அது
தாமிரம் பூசிய இரும்பு, குழலைக் கீறும்).
செதில் செதிலாக வந்தது, கிழங்கான் மீனைச் சுரண்டினதுபோல.

வாதியில் பதினைந்து குண்டு.
பதினொன்றாவது தவறியது. அது ஹமூதின் தோள்.
துணியை விட்டு இழுத்தேன்.
சாம்பல் நிறம். செதில் இல்லை.
நன்றி சொல்லவில்லை அவர்,
தம்பியிடம் இன்னொன்று இருக்கிறது என்றார்.

குழாயில் வெந்நீர்தான் வரும் இந்த மாதத்தில்.
வாளியில் ஐஸ் போட்டு இரண்டு முறை கை கழுவினேன்.
சோற்றில் ஈயம் சேரக் கூடாது,
விசா மெடிக்கலில் அதைப் பார்ப்பதுமில்லை.

பிறகு, சும்மாதான்,
பெயின்ட் டின்னில் மிஞ்சிய எழுத்துகளைக் கிளறினேன்.
அலிஃப் ஒன்பது. நூன் நாலு. தலை உடைந்த ஒரு காஃப்.
ஜீம் எல்லாம்
சுட்டாயிற்று.