படிகக் கொள்ளை

சின்னம்மைக்கு எங்கள் ஊரில்
படிகக் கொள்ளை என்று பெயர்.
நீர் கோத்த முத்து கண்ணாடிபோல் மின்னும், அதனால்.

மகளுக்கு வந்தபோது
சிரித்துக்கொண்டே எண்ணினான் எலியோதோரோ.
முதுகில் முப்பத்திரண்டு.
காதுக்குப் பின்னால் ஒன்று, ஒளிந்துகொண்டு.
"உனக்குச் சின்ன வயதில் வந்ததா?" என்று கேட்டேன்.
"வந்திருக்கும்" என்றான்.

வந்திருக்கும்.
அந்த ஒரு சொல்லை நம்பி
அவளைக் குளிப்பாட்டினான், மடியில் தூங்கவைத்தான்.

பதினைந்தாம் நாள். செப்டம்பர்.
வல்பராய்சோவின் குன்றெல்லாம் காற்றாடி.
ஆட்களை மேலேற்றும் இழுவைப் பெட்டியின்
நெம்புகோலை விட்டுவிட்டு
பாதிப் பகலில் வீட்டுக்கு வந்தான், முதுகு வலி என்று.
தகரக் கூரையில் முதல் தூறல் விழுவதுபோல்
நெஞ்சில் அங்கொன்று இங்கொன்று.
விடிவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது.
இமையில். நாக்கில். உள்ளங்காலில்.
தண்ணீர்கூட முள்ளாய் இறங்கியது.

"குழந்தைகளுக்கு வருவதுதானே" என்றாள்
எதிர்வீட்டு ஹெனோவேவா, வாசலிலேயே நின்று.
அவனும் அதையே சொல்லிச் சிரித்தான்.
வெடித்த உதட்டில் சிகரெட்டை வைத்தான்.
நான் பிடுங்கவில்லை.
இதை எங்காவது எழுதிவைக்க வேண்டும்: நான் பிடுங்கவில்லை.

நான்காம் இரவு இருமல்.
கைக்குட்டையில் துருநிறம்.
மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு முப்பத்தெட்டு.
கடிகாரம் தவறென்று மறுபடி எண்ணினேன்.
நாற்பது.

நூற்றுப் பன்னிரண்டு படிகள் கீழே ஆம்புலன்ஸ்.
சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து
நான்கு பேர் சுமந்து இறங்கினார்கள்.
பக்கத்திலேயே இழுவைப் பெட்டி
அசையாமல் நின்றிருந்தது.
அதை ஓட்டுகிறவன் நாற்காலியில் இருந்தான்.

படத்தை விளக்குப் பலகையில் மாட்டினாள் டாக்டர்.
"தோலில் இருப்பதுதான் நுரையீரலிலும்."
பெரியவர்களிடம் இது இப்படியும் வரும் என்றாள்,
புகைப்பவர்களிடம் இன்னும்.
குற்றம் சாட்டும் குரல் இல்லை அது,
களைத்த குரல்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு நர்ஸ் கேட்டாள்:
உங்களுக்கு வந்திருக்கிறதா?
"வந்திருக்கும்" என்ற சொல் அங்கே செல்லாது.
புருவத்துக்கு மேலே உள்ள குழியைத் தொட்டுக் காட்டினேன்,
ஏழு வயதில் சொறிந்து வாங்கியது.
அதுதான் என் அனுமதிச் சீட்டு.

உள்ளே அவனைக் குப்புறப் படுக்கவைத்திருந்தார்கள்.
எட்டு மணிக்கொருமுறை மருந்து சொட்டியது.
மூச்சு இயந்திரத்தினுடையது,
முதுகு மட்டும் அவனுடையது.
ஒன்பது நாள் அந்த முதுகோடு பேசினேன்:
காஸ் சிலிண்டர் விலை,
பக்கத்துத் தெரு நாய் போட்ட குட்டிகள்,
மற்றபடி ஒன்றுமில்லை.

குழாயை எடுத்தபின்
காற்றில் கீறியதுபோல் ஒரு குரல்:
"பெட்டியை யார் ஓட்டுகிறார்கள்?"

இப்போது வீட்டில் இருக்கிறான்.
கோப்பையைத் தூக்கினால் கை தடுமாறுகிறது.
வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவே
இரண்டு முறை நின்று மூச்சு வாங்குகிறான்.
பிற்காலப் படங்களில்
சிதறிய உப்புக்கல்போல் புள்ளிகள் தெரியலாமாம்.

மகள் அவன் அருகே வருவதில்லை.
நேற்று கதவோரத்திலிருந்து கேட்டாள்,
"நான்தானே கொடுத்தேன்?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சட்டையைக் கழற்றித் திரும்பி உட்கார்ந்தான்.
"எண்ணு" என்றான்.

விரல் நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.
நூறுக்கு மேல் அவளுக்குத் தெரியாது.
மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.